மருத்துவருக்குப் பணம் எவ்வாறு கொடுக்கப்படுகிறது?
பொது மருத்துவக் காப்புறுதியும் பராமரிப்பின் தரமும்

(பெற்றோர் – இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒன்ராறியோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் குடும்ப வைத்தியரிடம் செல்லும்போது பணப்பையைத் திறப்பதில்லை. ஓஹிப் அட்டையைக் காட்டினால் போதும். இதனால் மருத்துவம் இங்கு இலவசம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. உண்மையில் வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதற்குப் பணம் கொடுக்கின்றனர். அந்தப் பணத்தை மாகாண அரசு மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் வழங்குகிறது. அது எந்த முறையில் வழங்கப்படுகிறது என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

கணக்காளரும் அரச அலுவலரும் பேச வேண்டிய விடயம் இது என்று தோன்றலாம். ஆயினும் மருத்துவர் ஒரு நோயாளருடன் எத்தனை நிமிடம் பேசுகிறார், எவரைத் தமது பட்டியலில் சேர்க்கிறார், மருத்துவமனை எப்போது வீட்டுக்கு அனுப்புகிறது ஆகிய அனைத்திலும் கொடுப்பனவு முறையின் கை இருக்கிறது.

ஒரு தாயின் வருகை

ஓர் எடுத்துக்காட்டை மனதில் கொள்வோர்க்கு விடயம் எளிதில் விளங்கும். 68 வயதுடைய ஒரு தாய். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் மகனுடன் வாழ்கிறார். நீரிழிவு உண்டு. குருதி அழுத்தம் உண்டு. முழங்கால் வலி உண்டு. ஆங்கிலம் தெரியாது. பாடசாலை முடிந்து வரும் பேரன் அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறான். பேரனே மொழிபெயர்ப்பாளன்.

வைத்தியர் சீனி அளவைப் பார்க்கிறார், மருந்தை எழுதுகிறார், எழுந்து விடுகிறார். கதவருகே நின்று அந்தத் தாய், "நித்திரை வருகுதில்லை, நெஞ்சு பதைக்குது" என்கிறார். பேரன் அதை மொழிபெயர்ப்பதற்குள் அடுத்த நோயாளர் அழைக்கப்பட்டு விடுகிறார். அது இதய நோயின் அறிகுறியா, போர்க்காலத்தின் நினைவா, மருந்தின் பக்க விளைவா என்று எவரும் கேட்கவில்லை.

இத்தகைய நிகழ்வில் குறைசொல்லத் தக்கவர் யார்? வைத்தியர் இரக்கமற்றவர் என்று சொல்லிவிடுவது எளிது. அவருக்குப் பணம் வரும் வழியை அறிந்த பின்னரே நீதியாகத் தீர்ப்புக் கூற முடியும்.

வரலாறு: ஒரு வேலைநிறுத்தமும் ஓர் உடன்பாடும்

கனடாவின் பொது மருத்துவக் காப்புறுதி சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிறந்தது. டொமி டக்ளஸ் தலைமையிலான அரசு 1947ஆம் ஆண்டு மருத்துவமனைக் காப்புறுதியைத் தொடங்கியது. 1962ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள், அவருக்குப் பின் முதல்வரான வூட்ரோ லொயிட்டின் அரசு மருத்துவர் சேவைகளுக்கும் காப்புறுதியை விரிவாக்கியது. அன்றே அம்மாகாணத்து மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 23 நாட்கள் நீடித்தது. பிரித்தானியாவிலிருந்து வந்த மருத்துவரும் பிரபுக்கள் சபை உறுப்பினருமான ரெய்லர் பிரபுவின் நடுநிலை முயற்சியால் சஸ்கற்றூன் உடன்பாடு எட்டப்பட்டது.

காப்புறுதியை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டனர். மருத்துவர்கள் அரச ஊழியர் ஆகாமல், செய்யும் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே கட்டணம் பெறும் தனித் தொழிலாளராகவே தொடர்வதை அரசு ஏற்றுக்கொண்டது. அச்சமாதானத்தின் பயனாக நிலைபெற்ற கட்டண முறையே பின்னர் நாடெங்கும் பரவியது. 1966ஆம் ஆண்டு கூட்டாட்சி அரசின் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. ஒன்ராறியோ 1969இல் இணைந்தது. 1972இற்குள் அனைத்து மாகாணங்களும் இணைந்தன.

மருத்துவர்கள் அரச கட்டணத்துக்கு மேலாக நோயாளரிடம் வாங்கும் வழக்கத்தை 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் தடுக்க முற்பட்டது. அதற்கமைய ஒன்ராறியோ 1986இல் சட்டம் இயற்றியபோது அங்கும் மருத்துவர்களின் வேலைநிறுத்தம் 25 நாட்கள் நடந்தது. நோயாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலை இவ்வாறு போராடிப் பெறப்பட்டது. ஆனால் அரசு மருத்துவருக்கு எந்த முறையில் கொடுப்பது என்ற வினா திறந்தே இருந்தது.

சேவைவாரிக் கட்டணம்

ஒவ்வொரு வருகைக்கும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குறியீடு, ஒரு தொகை. இதுவே சேவைவாரிக் கட்டணம். இதில் நன்மை உண்டு. மருத்துவர் உழைக்க உழைக்க வருமானம் கூடுகிறது. ஆதலால் புதிய நோயாளரை மறுக்க மாட்டார், மாலையிலும் கதவைத் திறந்து வைப்பார். கனடாவுக்குப் புதிதாக வந்த தமிழர் பலர் தங்கள் மொழி பேசும் வைத்தியரை எளிதில் கண்டடைந்ததற்கும், வோக்-இன் கிளினிக்குகள் பெருகியதற்கும் இம்முறை துணைநின்றது.

தீமையும் அதே இடத்தில் தோன்றுகிறது. சாதாரண வருகை ஒன்றுக்கு 8 நிமிடம் ஆனாலும் 20 நிமிடம் ஆனாலும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அந்தத் தாய்க்கு மொழிபெயர்ப்பு வேண்டும், நோயும் ஒன்றுக்கு மேற்பட்டது. அவருக்குச் செலவாகும் நேரத்தில் இளவயது நோயாளர் இருவரைப் பார்த்து முடித்து விடலாம். "ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை" என்ற அறிவிப்புச் சில மருந்தகங்களின் சுவரில் தோன்றியதன் பின்னணி இதுவே. நோயாளர் மும்முறை வந்தால் மூன்று கட்டணம், ஒரே முறை வந்து மூன்றையும் சொன்னால் ஒரு கட்டணம். தொலைபேசியில் விளக்கம் கூறுதல், பரிசோதனை முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தல், சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதுதல் முதலான வேலைகளுக்கு நெடுங்காலம் தனிக் கட்டணம் அரிதாகவே இருந்தது.

தலைவீதக் கொடுப்பனவு

இக்குறைகளை நீக்கும் நோக்குடன் ஒன்ராறியோ 2000ஆம் ஆண்டுகளில் மற்றொரு முறையை விரிவாக்கியது. மருத்துவரின் பட்டியலில் பதிவுசெய்த ஒவ்வொருவருக்கும், அவர் வந்தாலும் வராவிட்டாலும், வயதையும் பாலையும் கணக்கிட்டு ஒரு தொகை வழங்கப்படும். இதுவே தலைவீதக் கொடுப்பனவு. குடும்ப சுகாதார வலையமைப்பு, குடும்ப சுகாதார நிறுவனம் என்ற பெயர்களில் மருத்துவர்கள் குழுக்களாக இம்முறைக்குள் வந்தனர். தாதியர், உணவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரையும் கொண்ட குடும்ப சுகாதாரக் குழுக்கள் 2005ஆம் ஆண்டு முதல் உருவாகின.

இம்முறையில் மருத்துவர் நேரத்தை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நோயாளர் நலமாக இருப்பதே அவருக்கும் இலாபம். தொலைபேசியில் தீரக்கூடிய விடயத்துக்கு நேரில் வரச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாயின் நித்திரையின்மையைப் பற்றி அமர்ந்து கேட்க இங்கு இடம் உண்டு.

ஆனால் பணம் முன்கூட்டியே வந்து சேர்வதால், பட்டியலில் சேர்த்த பின் குறைவாகப் பார்த்தாலும் வருமானம் குறையாது. மேலும் நோய் குறைந்தவரைச் சேர்ப்பது இலாபம், நோய் மிகுந்தவரைச் சேர்ப்பது சுமை. ஒரே வயதுடைய இரு பெண்களில் ஒருவர் நலமானவர், மற்றவர் நான்கு நோய் உடையவர், ஆங்கிலமும் அறியாதவர். வயதையும் பாலையும் மட்டும் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே தொகையே கிடைக்கும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒன்ராறியோவின் ஐசிஈஎஸ் ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று 2008 முதல் 2010 வரையான தரவுகளைக் கொண்டு பல்வேறு மருத்துவர் குழுக்களை ஒப்பிட்டது. தலைவீத முறைக் குழுக்களின் பட்டியல்களில் வருமானம் கூடிய பகுதிகளில் வாழ்வோர் மிகுந்தும், புதிய குடிவரவாளர் குறைந்தும் காணப்பட்டனர். அவர்களின் நோயாளர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்ற அளவு எதிர்பார்க்கத்தக்க அளவினும் கூடியிருந்தது. இதற்குக் கொடுப்பனவு முறை ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. அக்குழுக்கள் எந்த ஊர்களில் அமைந்தன என்பதும் ஒரு காரணம். ஆயினும் பெருந்தொகை செலவிட்டு உருவாக்கிய சீர்திருத்தம், அதிகம் தேவையுடையோரைக் குறைவாகவே சென்றடைந்தது என்பதை அவ்வாய்வு வெளிப்படுத்தியது.

தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு விதியும் இம்முறையோடு வந்தது. பதிவுசெய்யும் நோயாளர், அவசர நிலையும் பயணமும் தவிர்ந்த வேளைகளில் முதலில் தமது வைத்தியரிடமே செல்வதாகப் படிவத்தில் ஒப்பமிடுகிறார். அவர் வெளியேயுள்ள வோக்-இன் கிளினிக்குக்குச் சென்றால் அதன் செலவு அவருடைய வைத்தியரின் ஊக்கத்தொகையிலிருந்து கழிக்கப்படும் என்று விதி வகுக்கப்பட்டது. அதே நோயாளர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றால் கழிவு இல்லை. செலவு கூடிய இடத்துக்குச் சென்றால் வைத்தியருக்கு இழப்பில்லை, செலவு குறைந்த இடத்துக்குச் சென்றால் இழப்பு உண்டு என்ற முரண்பாடு இதனால் விளைந்தது. படிவத்தின் பொருள் அறியாமல் ஒப்பமிட்டுவிட்டு, அருகிலிருந்த வோக்-இன் கிளினிக்குக்கு வழக்கம்போல் சென்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் வருவதும், பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுவதும் நேரக்கூடியனவாயின. இவ்விதிகள் மாகாண அரசும் மருத்துவர் சங்கமும் நடத்தும் பேச்சுகளில் காலத்துக்குக் காலம் மாறுபவை. ஆதலால் நடைமுறையிலுள்ள விதி எது என்பதைப் பதிவுசெய்யும் நாளிலேயே கேட்டறிவது நன்று.

சம்பளம்

மூன்றாவது முறை சம்பளம். ஒன்ராறியோவின் சமூக சுகாதார நிலையங்களில் மருத்துவரும் தாதியரும் மாதச் சம்பளம் பெறுகின்றனர். எத்தனை பேரைப் பார்த்தார், எவரைச் சேர்த்தார் என்பதால் வருமானம் மாறாது. ஓஹிப் அட்டை இல்லாதோரையும் இந்நிலையங்கள் ஏற்கின்றன. மேற்கூறிய 2012ஆம் ஆண்டு ஆய்வில், இந்நிலையங்களின் நோயாளரே வறுமையும் நோயும் கூடியோராகவும் புதிய குடிவரவாளராகவும் இருந்தனர். இருந்தும் அவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்ற அளவு எதிர்பார்க்கத்தக்க அளவினும் வெகுவாகக் குறைந்திருந்தது. இது கவனத்துக்குரிய செய்தி. எனினும் இந்நிலையங்கள் எண்ணிக்கையில் மிகச் சிலவே. ஒரு மருத்துவர் பார்க்கும் நோயாளர் தொகையும் குறைவு. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

சம்பள முறையின் மறுபக்கத்தை இலங்கையிலிருந்து வந்த பெற்றோர் நன்கறிவர். அங்கு அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, மருத்துவருக்கு அரச சம்பளம். அதே மருத்துவர் கடமை நேரத்துக்குப் பின் தனியார் மருத்துவமனையில் கட்டணம் பெற்று நோயாளரைப் பார்க்கலாம். காலையில் நீண்ட வரிசையில் சில நிமிடமே கிடைத்த அதே மருத்துவரை மாலையில் பணம் கட்டி 'சனல்' செய்து ஆறுதலாகச் சந்தித்த அனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு. மனிதர் ஒருவரே, அறிவும் ஒன்றே. கொடுப்பனவு முறையும் வரிசையின் நீளமும் மாறியபோது பராமரிப்பும் மாறியது.

மருத்துவமனைகளின் கணக்கு

மருத்துவமனைகளுக்கும் இவ்வாறே. ஒன்ராறியோ நெடுங்காலமாக ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகையை ஒதுக்கி வந்தது. செலவு கட்டுக்குள் நிற்கும். ஆனால் தொகை மாறாதிருக்கும்போது கூடுதலாக வரும் ஒவ்வொரு நோயாளரும் செலவாகவே தோன்றுவார். முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்கு அந்தத் தாய் நெடுநாள் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2012 முதல் இடுப்பு, முழங்கால் மாற்றுச் சிகிச்சை, கண்புரைச் சிகிச்சை போன்ற சிலவற்றுக்குச் சிகிச்சை ஒன்றுக்கு இவ்வளவு என்று வழங்கும் முறையை மாகாணம் சேர்த்துக்கொண்டது.

நோய்வகைக்கு ஒரு நிலைத்த தொகை வழங்கும் முறையை அமெரிக்காவின் முதியோர் காப்புறுதியான மெடிகெயர் 1983ஆம் ஆண்டே தொடங்கியது. நோயாளர் எத்தனை நாள் தங்கினாலும் தொகை ஒன்றே என்றதும் தங்கும் நாட்கள் குறைந்தன. பின்னர் நடந்த ஆய்வுகளில் இறப்பு கூடவில்லை என்பது தெரிந்தது. ஆனால் உடல்நிலை முற்றாகச் சீராகுமுன் வீட்டுக்கு அனுப்பப்பட்டோரின் விகிதம் கூடியிருந்தது. 2012 அக்டோபர் முதல், 30 நாட்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்படுவோர் மிகுந்தால் மருத்துவமனைக்குரிய தொகை குறைக்கப்பட்டது. மறு அனுமதிகள் குறைந்தன. ஆனால் இதயச் செயலிழப்பு நோயாளரின் இறப்பு இதனால் கூடியதா என்ற விவாதம் ஆய்வாளரிடையே எழுந்தது.

தரத்துக்கே பணம் கொடுத்தால்?

எண்ணிக்கைக்குப் பதிலாகத் தரத்துக்கே பணம் கொடுத்தால் என்ன என்று இளையோர் கேட்கலாம். பிரித்தானியா 2004ஆம் ஆண்டு அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. நீரிழிவு, ஆஸ்துமா, குருதி அழுத்தம் போன்ற நோய்களின் பராமரிப்பு உள்ளிட்டவற்றுக்கு 146 அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. அவற்றை நிறைவேற்றும் குடும்ப மருத்துவருக்குப் புள்ளிகளும், புள்ளிகளுக்குப் பணமும் கிடைத்தன. நீரிழிவு, ஆஸ்துமாப் பராமரிப்பு முதலில் விரைந்து முன்னேறியது. இலக்கை எட்டியதும் வேகம் தணிந்தது. புள்ளி இல்லாத சில பராமரிப்புகள் பின்தங்கின. ஒரே மருத்துவரைத் தொடர்ந்து காணும் வாய்ப்பும் குறைந்தது. 2016இல் ஸ்கொட்லாந்து இத்திட்டத்தைக் கைவிட்டது.

அந்தத் தாயின் சீனி அளவுக்குப் புள்ளி உண்டு. "நெஞ்சு பதைக்குது" என்று அவர் கதவருகே சொன்னதைக் கேட்பதற்குப் புள்ளி இல்லை. அளக்கக் கூடியது கவனிக்கப்படும், அளக்க முடியாதது மருத்துவரின் மனச்சாட்சிக்கு விடப்படும்.

ஆகவே குறையற்ற முறை என்று ஒன்று இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்யும் கலப்பு முறைகளையே அரசுகள் இன்று நாடுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா 2023 பெப்ரவரி முதல் குடும்ப மருத்துவருக்கு வழங்கும் புதிய முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செலவிடும் நேரம், நோயாளரைச் சந்திக்கும் எண்ணிக்கை, பட்டியலிலுள்ளோரின் நோய்ச்சிக்கல் ஆகிய மூன்றும் அதில் கணக்கிடப்படுகின்றன. கடிதம் எழுதுவதற்கும் முடிவுகளைப் பார்ப்பதற்கும் செல்லும் நேரத்துக்கும் அதில் பணம் உண்டு.

பெற்றோரும் இளையோரும் செய்யத்தக்கவை

இவற்றை அறிவதால் ஒரு குடும்பத்துக்கு என்ன பயன்?

முதலாவது, பதிவுப் படிவத்தில் ஒப்பமிடுமுன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். மாலையிலும் வார இறுதியிலும் இக்குழுவில் யாரைக் காணலாம்? வோக்-இன் கிளினிக்குக்குச் சென்றால் என்ன நேரும்? தாதியர், சமூகப் பணியாளர் ஆகியோரின் சேவை இங்கு உண்டா?

இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருப்பின், சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே நீண்ட நேரம் தேவை என்று கேட்க வேண்டும். சொல்ல வேண்டியவற்றை முக்கியத்துவ வரிசையில் ஒரு தாளில் எழுதிச் செல்ல வேண்டும். நெஞ்சுப் பதைப்பு அந்தத் தாளின் முதல் வரியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளன் ஆக்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். பாட்டி தன் துயரத்தைச் சிறுவன் முன் சொல்ல மாட்டார். சொன்னாலும் அவனுக்கு அதற்குரிய சொற்கள் தெரியாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று மருத்துவமனையிலும் சமூக சுகாதார நிலையத்திலும் கேட்பது கூச்சப்பட வேண்டிய செயல் அன்று.

நான்காவது, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் எந்த மருந்து மாறியது, எந்த அறிகுறிக்குத் திரும்பி வர வேண்டும், குடும்ப வைத்தியருக்குக் கடிதம் சென்றதா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது இளையோருக்கு உரியது. மருத்துவர் கொடுப்பனவு பற்றிய ஒப்பந்தப் பேச்சுகளின் மேசையில் அரசும் மருத்துவர் சங்கமும் அமர்கின்றன. நோயாளர் அமர்வதில்லை. நோய்ச்சிக்கலும் வறுமையும் மொழித்தடையும் தலைவீதத் தொகையில் கணக்கிடப்பட வேண்டும், மொழிபெயர்ப்புக்குச் செல்லும் நேரத்துக்கு ஊதியம் வேண்டும், சமூக சுகாதார நிலையங்கள் பெருக வேண்டும் என்ற கோரிக்கைகளை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரிடம் எடுத்துச் செல்ல ஆங்கிலமும் அறிந்து வீட்டின் நிலையும் அறிந்த தலைமுறை ஒன்று தேவை. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் இளையோர் அத்தலைமுறையினர். மருத்துவம் பயில்வோர் மட்டுமே செய்யக்கூடிய பணி இது அன்று. கணக்கியலும் கணினியும் சட்டமும் பயில்வோருக்கும் இதில் இடமுண்டு.

1962இல் சஸ்காச்சுவான் மக்கள், நோயுற்றவரிடம் பணம் கேட்கக்கூடாது என்பதை உறுதிசெய்தனர். அந்தத் தாய் இன்று பணப்பையைத் திறக்காமல் வைத்தியரைக் காண்பது அவர்கள் விட்டுச்சென்ற பேறு. உள்ளே சென்ற பின் அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் வரை ஒருவர் அமர்ந்து கேட்க வேண்டும். அதற்குரிய விதிகள் மாற்றக் கூடியவை என்பதை அறிந்துகொள்வதே முதற்படி.